எந்த விரலில் மை

சிவதாபுரத்தில் எட்டுக் கொலுசுப் பட்டறைகளின் குப்பை
என்னிடம்தான் வரும்.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தேய்த்துப் பார்த்துத்தான்
மூட்டைக்கு விலை சொல்வேன்.

அரத்தூள், வெங்காரம், பீடித்துண்டு,
தட்டுவடை நொறுக்கு, யார் தலைமுடியோ,
இவற்றுக்கு நடுவே எங்கோ வெள்ளி.
ஒரே சாக்கில் மாதக்கணக்காய்க் கிடந்தும்
ஒன்றின் பேரை இன்னொன்று கேட்டதில்லை.
டவுன் பஸ் கூட்டம் மாதிரி
இடித்துக்கொண்டு நிற்கும்,
நிறுத்தம் வந்தால் இறங்கிவிடும்.

காந்தத்தைக் காட்டினால் இரும்பு எழுந்து வரும்.
தண்ணீர் ஊற்றினால் முடி மிதக்கும்.
தீ வைத்தால் பீடியும் வடையும் கணக்கில் இல்லை.
இதுவரைக்கும் கை அழுக்கானால்
சோப்பு போதும்.

அப்புறம் திராவகம்.
மொட்டைமாடி. காற்று கஞ்சமலைப் பக்கம் திரும்பும் நேரம்.
செம்பழுப்பாய்ப் புகை எழுந்து அடங்கும்போது
சாடியில் வெள்ளியைக் காணோம்.
லேசாய் நீலம் பாய்ந்த தண்ணீர்,
அவ்வளவுதான்.
சல்லடைக்கும் காந்தத்துக்கும் அது பதில் சொல்லாது.
வெள்ளியைத் திருப்பிக் கொடு என்றால்
ஈடாக ஒரு ஆளைக் கேட்கும்.

செம்புத் தகட்டைத் தொங்கவிடுவேன்.
விடிவதற்குள் தகட்டில் பாதி இருக்காது.
அடியில் சாம்பல் நிறச் சேறாய் வெள்ளி;
மேலே நீலம் கெட்டிப்பட்டிருக்கும்.
உள்ளே போனது செம்பு.
வெளியே வந்தது அதற்கு நன்றி சொல்லவில்லை.

கஞ்சமலைச் சித்தர் இரும்பைப் பொன்னாக்கினார் என்பார்கள்.
எனக்கு அந்த வித்தை கைவரவில்லை.
இருந்த வெள்ளியைத்தான் எடுக்கிறேன்,
அதிலும் கொஞ்சம் குறையும்.

குறைவது எங்கே என்று
தேர்தல் அன்றைக்குத் தெரிந்தது.
வாக்குச்சாவடியில் மை வைக்கும் மேசை.
கழுத்தில் தொங்கிய அட்டையில்
தமயந்தி, பட்டதாரி ஆசிரியை என்று இருந்தது.
இடது கையை நீட்டினேன்.
ஐந்து விரலும் கறுப்பு, நகம் உள்பட.
கட்டைவிரலில் மட்டும் திராவக மஞ்சள்.
"ஏற்கெனவே போட்டாச்சா?"
பூத் ஏஜெண்டுகள் இரண்டு பேரும்
அன்று முதல் தடவையாக ஒரே பக்கம் எழுந்து நின்றார்கள்.

"போடலிங்க டீச்சர்.
உங்க புட்டியில இருக்கிறதும்
என் சாடியில இருக்கிறதும் ஒண்ணுதான்.
தோலைத் தொட்டால் தோலோடு போய்ச் சேர்ந்துக்கும்.
கழுவினா போகாது, தோல் உரிஞ்சாத்தான் போகும்."

டீச்சர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
வருஷா வருஷம் கரும்பலகையில்
கலவை, சேர்மம் என்று இரண்டு கட்டம் கட்டியிருப்பார் போல.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
பட்டியலில் என் பேருக்கு நேரே கோடு இழுத்து,
கறுப்பின் மேலேயே கறுப்பைத் தீற்றினார்.
வைத்ததற்கு அடையாளம்
ஈரம் மட்டும். அதுவும் வாசல் வெயில் வரைக்கும்.

இப்போது ஆறு வாரம்.
சுட்டுவிரல் நகத்தின் அடியில்
பிறை அளவுக்கு வெள்ளை தெரிகிறது.
அதற்கு மேலே சர்க்கார் கோடும் பட்டறைக் கறையும்
ஒரே கறுப்பாய் ஏறிக்கொண்டிருக்கின்றன.
எது எதுவென்று நகவெட்டி கேட்கப்போவதில்லை.

மேட்டுத்தெருப் பட்டறையிலிருந்து
நாளைக்கு இரண்டு மூட்டை.
செம்புத் தகடு வாங்க வேண்டும்.