மூன்றாவது அறை

எஸ்.பி. ரோட்டில் கார்டு வாங்கியபோது
பரஸ்மல் சொன்னார்: ஆறாயிரத்து ஐந்நூறு,
பில் கிடையாது,
வாரண்டி இந்தப் படிக்கட்டு முடியும் வரை.
யாரோ காசு தோண்டிக் களைத்துப்போட்ட கார்டு.
இரண்டு விசிறியில் ஒன்று
சுற்றத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமுகிறது.

லினக்ஸா, என்று சிரித்தான் கடைப் பையன்.
டிரைவர் கஷ்டம் மேடம்.
எனக்குத் தெரியாதா?
முருகேஷ்பாளையா என்றதும்
மூன்று ஆட்டோ தலையாட்டிவிட்டுப் போகும் ஊரில்
எட்டு வருடமாக இருக்கிறேன்.

முதலில் நூவோ.
பிரெஞ்சில் புதிது என்று பொருளாம்.
கேட்காமலே கூட வந்தது,
அதன் எந்த வரியையும் யாரும் படிக்கலாம்.
நானும் கொஞ்சம் படித்தேன்.
முகம் தெரியாத சிலர்
இருட்டில் தடவித் தடவி
இது கதவு, இது ஜன்னல், இது என்னவோ
என்று எழுதிவைத்திருந்தார்கள்.
ஓர் இடத்தில் இப்படி:
இந்த எண் எதற்கென்று தெரியவில்லை,
எடுத்தால் திரை போய்விடுகிறது.
அந்த வரிக்காகவே ஒரு வாரம் வைத்திருந்தேன்.

ஆனால் கார்டு முதல் கியரைத் தாண்டவில்லை.
தாண்டுவதற்கான சாவி கம்பெனியிடம்.
சில்க் போர்டில் மாலை ஏழு மணி மாதிரி
என் லாரி பனிமலையில் ஊர்ந்தது,
நொடிக்கு ஒன்பது படம்.
மங்களூரிலிருந்து ஆடும் நஃபீசா
ஹெட்போனுக்குள் கேட்டாள்:
நீ ஆடுறியா, போட்டோ அனுப்புறியா?

அப்புறம் மூடிய டிரைவர்.
முந்நூற்றுச் சொச்சம் எம்.பி.
சம்மதம் என்று அழுத்தினேன்,
ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்.
இந்த வீட்டு ஒப்பந்தத்தையும்தான் படிக்கவில்லை.
பதினொரு மாதம், பத்து மாத அட்வான்ஸ்,
மூன்று அறைக்கும் வாடகை,
மூன்றாவது அறைக்குப் பூட்டு.
கொஞ்சம் சாமான் இருக்கு, என்றார் சிவண்ண கௌடர்.
என்ன சாமான்?
சாமான்தான்.
சில ராத்திரி அந்தக் கதவுக்குப் பின்னால்
ஏதோ ஓடுகிற சத்தம்.
ஃப்ரிட்ஜாக இருக்கலாம்.
கரண்ட் பில் என் பெயரில்.

ஏற்றினேன்.
லாரி பறந்தது.
பனி துகள் துகளாகப் பிரிந்து விழுந்தது,
வைப்பர் தள்ளிய நீர்
கண்ணாடியோரம் கோடிழுத்து இறங்கியது.
நொடிக்கு அறுபத்திரண்டு.
நஃபீசா ஒன்றும் சொல்லவில்லை,
முந்திவிட்டேன் என்று அர்த்தம்.

பதினாறு நாள்.
பதினேழாம் நாள் கர்னல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
டிரைவர் அதோடு பேச மறுத்தது.
கறுப்புத் திரை,
இடது மூலையில் சிமிட்டும் ஒரு சின்னக் கோடு,
நடுவில் பாதி பன்னைக் கவ்விய என் முகம்.
மணி இரவு ஒன்றே கால்.
ஒன்பதரைக்கு மீட்டிங்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
வெறும் எழுத்து முளைத்து
நீ யார் என்று கேட்டது.
சொன்னேன்.
கழற்றினேன், பழைய கர்னலுக்கு இறங்கினேன்,
மறுபடி ஏற்றினேன்.
ஒரு எழுத்து தவறி
அதையே இன்னொரு தரம்.
கடைசியாக ஒரு கட்டளை:
நான் சொல்லும்வரை புதுப்பித்துக்கொள்ளாதே.
நிறுத்திவைக்கப்பட்டது, என்றது.
அவ்வளவுதான்.
வெளியே பால் வண்டி வந்துவிட்டிருந்தது.

நூவோவை அழிக்கவில்லை.
தொடக்கப் பட்டியலில் இரண்டாவது வரியாக இருக்கிறது.
அதில் ஜன்னல்கள் மெதுவாக நகரும்,
ஆனால் எந்தக் காலையிலும் நகரும்.
மீட்டிங்குக்கு அது போதும்.

போன வாரம் கௌடர் வந்தார்,
ஒப்பந்தம் புதுப்பிக்க.
ஐந்து சதவீதம் கூட.
பூட்டைக் காட்டிக் கேட்டேன்,
உள்ளே என்னதான் ஓடுகிறது?
எனக்கும் தெரியாதும்மா, என்றார் கன்னடத்தில்.
சாவி மகனிடம். அவன் டொராண்டோவில்.

கையெழுத்துப் போட்டேன்.
மேசைக்கடியில் விசிறி
தொண்டையைச் செருமியது.