சரிபார்த்தவர்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குக் கதவு கிடையாது.
வீடு கட்டும்போதே சொன்னார்:
"நான் அடைக்கிறது வேற காற்று."

மகேந்திரகிரிக்கு ஆறு இருபது பஸ்.
முப்பத்தொரு வருஷம்
வால்வு, வால்வு, வால்வு.
என் உள்ளங்கையளவு உலோகம்.
அதற்குள் ஓடும் திரவத்தின் குளிருக்கு
நம் ஊர் ஐஸ் கம்பெனி ஒரு அடுப்பு.
மயிரிழை கசிந்தாலும்
அத்தனை பேருடைய அத்தனை வருஷமும்
கடலில்.

ஒருமுறை விழத்தான் செய்தது.
அன்று ராத்திரி பஸ் இறங்கி வந்தவர்
சட்டையைக்கூட மாற்றாமல்
அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து
நாலு கிலோ மரச்சீனி தொலித்தார்.
வீட்டில் நாலே பேர்.
மூன்று நாள் தின்றோம்.
ஏனென்று பிள்ளைகளும் கேட்கவில்லை.

அடுத்தது மேலே போன சாயங்காலம்
தெருவே டிவி முன்னால்.
இவர் பின்வாசலில்
ஷைனியின் சைக்கிள் டியூபை
வாளி வெள்ளத்தில் அமுக்கிப் பிடித்து
குமிழிக்குக் காத்திருந்தார்.
உள்ளே கைதட்டல் கேட்டது.
தலையைத் தூக்காமல் "சரி" என்றார்.
டியூபை இன்னும் ஒரு சுற்று நகர்த்தி
மறுபடி அமுக்கினார்.

"யேசுவடியானுக்கு உணர்ச்சின்னு ஒண்ணு கிடையாது"
என்பார்கள் என் அண்ணன்மார்.
ஜெபினுக்கு டைபாய்டு வந்த பத்து நாளும்
மணிக்கொரு தரம் காய்ச்சல் அளந்து
வரைதாளில் புள்ளி வைத்த ஆளை
அவர்கள் பார்க்கவில்லை.
கோடு இறங்கிய விடியலில்
பென்சில் இரண்டு துண்டாகக் கிடந்தது.
இரண்டிலும் பல் தடம்.

அடுக்களை ஆணியில் ஒரு நோட்டு.
தேதி. எடை. சோப்பு நுரைச் சோதனை.
செய்தவர். சரிபார்த்தவர்.
கேஸ் அடுப்பு வந்த எண்பத்தாறிலிருந்து
ஒரு சிலிண்டர் விடாமல்.
"செஞ்சவனே சரிபார்க்கக் கூடாது.
அவன் கண்ணு அவனுக்குச் சாதகமா இருக்கும்."
ஆகவே இரண்டாவது கட்டத்தில் எப்போதும் நான்.
ர. கனகபாய்.
ர. கனகபாய்.
முப்பத்தெட்டு வருஷம்.

இப்போது சொல்லலாம்:
ஒருநாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.
புட்டுக்குத் தேங்காய் துருவிய கையோடு
பேனாவை வாங்கிப் போட்டதுதான்.
தாளில் இன்னும் எண்ணெய் இருக்கிறது.
அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

போன சாரலில் அவர் போனார், தூக்கத்தில்.
மூச்சு எந்த இடத்தில் கசிந்ததென்று
டாக்டரால் சொல்ல முடியவில்லை.
கல்லறைத் தோட்டத்தில் அன்றும் பேய்க்காற்று.
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒரு மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை.

நேற்று புது சிலிண்டர்.
அவருடைய பழைய ஷேவிங் பிரஷ்ஷில்
நுரை குழைத்து
ரெகுலேட்டரைச் சுற்றிப் பூசி
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
அறுபது எண்ணினேன்.
நுரை அசையவில்லை.
"செய்தவர்" என்ற கட்டத்தில்
முதல்முறையாக என் பெயர்.
அப்புறம் பேனா நின்றுவிட்டது.

காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டேன்.
"மக்ளே, இங்க ஒரு ஒப்பு போடு."
"பில்லுல நீங்கல்லா போடணும், நான் எதுக்கு?"
"முதல்ல குனிஞ்சு பாரு.
பாத்துட்டுப் போடு."

வெளியே அவன் வண்டி அணைக்காமல் நின்றது.
முட்டி மடக்கி உட்கார்ந்தான்.
நாற்பதிலேயே எழும்பப் பார்த்தான்.
"இன்னும் இருபது இருக்கு" என்றேன்.