இணைப்பு 7: ஒரு படுக்கைவிரிப்பு

புகைபோக்கி எழுந்துவிட்டது, பதினான்கு மீட்டர்.
புகை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

லாட்வியாவின் மேற்குக் கரையில்
படகுகள் கவிழ்ந்து கிடக்கும் கடைசி வளைவில்
மீன் புகையூட்டும் கூடம் திறக்க வேண்டும் இமான்ட்ஸுக்கு.
நான்கு அடுப்பு, ஆறு ஆட்கள், ஆல்டர் கட்டை.
மாதம் எத்தனை டன்,
கழுவிய நீர் எங்கே போகும், குடல்கள் எங்கே,
கட்டையில் ஈரம் எத்தனை விழுக்காடு,
எல்லாம் நிரப்பியிருந்தார்
பள்ளிப்பிள்ளை போல எழுத்துகளை முட்டவைத்து.
'அருகிலுள்ள குடியிருப்பு' என்ற கட்டத்தில் மட்டும்
'ஒரு பெண்மணி' என்றிருந்தது.

தூரம் கேட்டேன்.
"கூப்பிட்டால் கேட்காது" என்றார்.
மீட்டரில் கேட்டேன்.
இருநூற்றுப் பத்து.

அறிவிப்பை ஒட்டினோம்,
பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, நூலகக் கதவில் ஒன்று.
முதலாவதை மழை முதல் நாளே வாசித்து முடித்தது.
ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

நாலாம் நாளிலிருந்து தொலைபேசி.
"கடன் ஓடுகிறது, மீன் ஓடுகிறது,
உங்கள் பேனா மட்டும் உட்கார்ந்திருக்கிறது."
நான் காற்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆண்டில் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து.
புகை பைன் காட்டுக்குள் போய்விடும்.
மரங்கள் ஆட்சேபம் எழுதுவதில்லை.

பத்தொன்பதாம் நாள் விஸ்மா வந்தாள்.
காலணியைக் கதவருகே கழற்றினாள்,
அது அலுவலகம் என்று நான் சொல்வதற்குள்.
பிளாஸ்டிக் பையில்
மடித்த படுக்கைவிரிப்பு, வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு.
"நேற்று துவைத்தேன். இரவு கொடியில் கிடந்தது.
எழுதியதெல்லாம் இருக்கட்டும்.
முகருங்கள்."

முகர்ந்தேன்.

எனக்குப் பசித்தது.
காலையில் கறுப்புக் காப்பி மட்டும்தான்.
பொன்னிறமாய்ச் சுருங்கிய தோல்,
விரலில் ஒட்டும் எண்ணெய்,
கம்பு ரொட்டியின் மேல் ஒரு துண்டு வெங்காயம்,
அத்தனையும் அந்தத் துணியில் இருந்தன.
படிவத்தில் பசிக்குக் கட்டமில்லை.
'மணம் உணரப்பட்டது, தெளிவாக' என்று எழுதினேன்.

அவள் என் தொண்டையைப் பார்த்துவிட்டாள்.
"உங்களுக்கு வாய் ஊறுகிறது" என்றாள்.
"எனக்கும் ஊறியது, அரை மணி நேரம்.
பிறகு தலையணையில், பாலில்,
பூனையின் முதுகில்.
ஒரு நாளைக்கு விருந்து.
முந்நூறு நாளைக்கு அதன் பெயர் என்ன?"

அதற்குத்தான் இந்தக் கட்டடத்தில்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று
அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பதினாறு வருடங்களுக்குப் பின்.

இமான்ட்ஸை அழைத்தேன்.
"இழுவை சரியா என்று பார்த்தேன்.
ஓர் அடுப்பு. ஒரு மணி நேரம். ஒரு கூடை."
"இசைவாணைக்கு முன் ஒரு மணி நேரமும் இயக்கம்தான்."
மௌனம். பின்னால் கடற்புறா ஒன்று.
"காற்று வடமேற்கு என்று எனக்குத் தெரியாது."
படகு ஓட்டியவர் அவர்.
தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அபராதம் நூற்று நாற்பது யூரோ.
புகைபோக்கிக்கு இன்னும் ஐந்து மீட்டர்.
ஒரு வடிகட்டி, அதற்கு ஒரு கடன்.
மார்ச் மாதம், கரையில் பனிக்கட்டி நொறுங்கும் வாரத்தில்
அனுமதியில் கையெழுத்திட்டேன்,
பதினொரு நிபந்தனைகளுடன்.
கடைசி மட்டும் என் சொந்த வாக்கியம்:
வடமேற்குக் காற்று வீசும்போது அடுப்பு எரியலாகாது.
நின்றபடியே படித்தார்.
"காற்றைக் கேட்டுத்தான் மூட்ட வேண்டுமா?"
"விஸ்மாவைக் கேட்டாலும் சரி" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மறுநாள் கேட்டதாகக் கேள்வி.

படுக்கைவிரிப்பைத் திருப்பித் தர முடியாது,
சாட்சியம் என்கிறார்கள்.
இணைப்பு 7 என்று சீட்டு ஒட்டி
கோப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.
கதவைத் திறந்தால் பத்து மணிக்கே மதியம் வந்துவிடுகிறது.

அடுத்த அறைக் கணக்காளர்
எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்.
முத்திரை குத்தி, எண் கொடுத்து, பெற்றுக்கொண்டேன்.
அருகிலுள்ள குடியிருப்பு: மூன்று மீட்டர்.
எங்கள் அறை
அனுமதியின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது.