இருபது வளைவுகள்

தரைச்சிலந்தி என்கிறது புத்தகம்.
இது தரைக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.
நாகலூர் தாண்டி, காப்பிச் செடியில் இடுப்பளவு உயரத்தில்
ஓர் இலையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு
உள்ளே இருந்தது.
அரிசிக் குருணை அளவு.
வலை கிடையாது,
இரவில் நடந்தே போய்ப் பிடித்துத் தின்னும் சாதி.

பழம் பறிக்க வந்த சடைச்சிதான் காட்டினாள்.
"இதுக்கா சேலத்துலருந்து பஸ் ஏறி வந்தே?"
இலையோடு கிள்ளிக் குப்பியில் போட்டேன்.
சீட்டில் தேதி, உயரம், செடி.
பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

கடைசி பஸ்.
பதினான்காம் வளைவில் காது அடைத்தது.
ஒன்பதில் குளிர் விட்டது.
ஆறாவதில் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
மடிப்புக்குள் நான் கவனிக்காத வெள்ளைப் பொட்டு,
முட்டைப்பை,
கிழிந்திருந்தது.
கண்ணாடிச் சுவரெல்லாம்
உடைத்த கடுகு போலக் குஞ்சுகள்.
தாய் மட்டும் நகரவில்லை,
இலையின் வாயை அடைத்துக்கொண்டு.

அஸ்தம்பட்டியில் இறங்கினால் ராத்திரியிலும் அனல்.
அறையில் ஆல்கஹால் தயாராய் இருந்தது.
பெயர் வேண்டுமென்றால்
வளர்ந்த பெண் ஒன்று வேண்டும்.
முக்கினேன்.
எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் மடங்கின.

விடிகாலை மலை பஸ்.
ஈரக் கைக்குட்டையில் சுற்றிய குப்பி மடியில்.
நேற்றைய இலையும் அதற்குள்தான், வாடி.

"எத்தனை டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

நாற்பது இருக்கலாம்,
எண்ணிப் பார்க்கவில்லை.

"ஏற்காடு. ஒண்ணு."