அறிந்தோம்

அர்ஷவிர் இறந்துவிட்டாராம்.
எரெவான் நாளேட்டில் ஏழாம் பக்கம், நான்கு வரி,
சதுரங்கப் புதிருக்குக் கீழே.
மொழிபெயர்த்துக் கொடுத்த பையனுக்கு
அவர் யாரென்று தெரியவில்லை.

இரங்கல் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.
'நண்பர்' என்பதை அடித்தார்கள்.
'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்பதில்
முதலில் ஆழம் போயிற்று,
சாயங்காலத்துக்குள் வருத்தமும்.
மிஞ்சியது 'அறிந்தோம்'.
அதற்கும் முத்திரை விழவில்லை.
தூதரகமே இல்லாத ஊருக்கு
எந்த முகவரியில் அனுப்புவது?

பதினோரு வருடம். திபிலிசியில் ஒரு விடுதி,
வெந்நீர் ஏறாத மூன்றாம் மாடி.
மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்,
நடுவில் வரைபடத்தில் ஓர் ஆறு.
எங்களுக்கு அர்பாச்சாய். அவர்களுக்கு அகுரியன்.
எதை எழுதுவதென்று
ஒரு குளிர்காலம் முழுக்க வாதாடி
கடைசியில் 'ஆறு' என்று மட்டும் எழுதி
ஒப்பமிட்டோம்.
ஆற்றுக்கு இதெல்லாம் எட்டவில்லை.
பனி உருகிய கையோடு
அவர்கள் பசு ஒன்றை
எங்கள் கரையில் ஒதுக்கிவிட்டுப் போனது.

செவலைப் பசு. காதில் மஞ்சள் வில்லை.
திருப்பிக் கொடுக்க இருபத்தாறு கடிதம்.
'உளவுக்கு வந்ததில்லை என்பதற்கு
என்ன உத்தரவாதம்?' என்றார் எங்கள் தளபதி,
சிரிக்காமல்.
நாங்களும் சிரிக்காமல் பதில் தயாரித்தோம்.
அதற்குள் அது கன்று ஈன்றுவிட்டது.
கன்று எந்த நாட்டுடையது?
இன்னும் ஒன்பது கடிதம்.
தாயோடு போகட்டும் என்று நான் எழுதிய வாரம்
இங்கே பத்திரிகைகள் என்னை விலைபோனவள் என்றன;
அங்கே அவர் வீட்டுக் கதவில் யாரோ தார் பூசினார்கள்,
எதிரியிடம் கன்றுக்குக் கையேந்தியவன் என்று.

நல்லவர் என்று சொல்லமாட்டேன்.
ஒரு காற்புள்ளியை விட்டுக்கொடுத்ததில்லை.
நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் ஆண்டின் எண்ணை
அவர் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.
ஆனால் அவர் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம்
அது அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.
பார்க்காததுபோல் நான் தேநீர் ஊற்றினேன்.
இன்றைக்கு உறுத்துவது அதுதான்.

கடைசிச் சந்திப்பில், தாள்களை அடுக்கிய பிறகு,
மேசைமேல் கையை விரித்தார்:
'உங்கள் தண்டவாளத்துக்கும் எங்களுடையதற்கும்
அகலத்தில் வித்தியாசம்
நான்கு விரற்கடை, மெலாஹத் ஹனம்.'
'அதற்கே ரயிலின் சக்கரங்களைக் கழற்றி
வேறு மாட்டவேண்டுமே' என்றேன்.
'ஆமாம். மசகு ஒட்டுகிற வேலை' என்று
இல்லாத கறையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

எல்லை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.
அந்தக் கன்று இந்நேரம்
நாலைந்து ஈற்று கண்டிருக்கும்.

இரவு. அங்காராவில் தூறல்.
குறிப்பை மறுபடி எழுதுகிறேன்,
மேலே அனுப்ப அல்ல.
நண்பர், ஆழ்ந்த, வருத்தம்,
எல்லாம் அதனதன் இடத்தில்.
ஆறு வருமிடத்தில் பேனா நிற்கிறது,
பிறகு எழுதுகிறது,
அகுரியன்.