பையின் வாய்

ஹெல்சிங்கியில் அக்டோபர் பதினாறு, கடை திறப்பு.
லாபிஸில் இன்றைக்கு முப்பத்து நான்கு டிகிரி.
டயர்க் கடைக்கு மேல்மாடியில்
விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து
நான் குளிருக்கு விளம்பரம் எழுதுகிறேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்குகிறது. நான் வியர்க்கிறேன்.

சர்வேஸ்வரியின் மேலங்கிகள்
கம்பி நெடுகத் தொங்குகின்றன,
முழங்கால் தொடும் நீளம்,
பழுத்த குலையின் நிறத்தில் உள்துணி.
பதினான்கு வருசம்
எவரெவர் பெயரையோ கழுத்தில் தைத்து அனுப்பியவள்
இந்த வருசம் தன் பெயரைத் தைத்திருக்கிறாள்.
அதிலும் பாதியைத்தான்:
சர்வே.
நிலம் அளக்க வந்தவர் மாதிரி இருக்கிறதே, என்றேன்.
அளந்துவிட்டுப் போகட்டும், என்றாள்.

சிங்கப்பூர் ஏஜென்சிக்காரி திரையில் வந்தாள்.
கதை வேண்டுமாம்.
தோட்டம், விடியற்காலை மூட்டம், பால்மரம்,
தலைவிளக்கோடு ஒரு முகம்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து முப்பது வருசம்.
தலைவிளக்கு இரவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாங்குவது,
சாமான் கடையில் பதினெட்டு வெள்ளி.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
பார்க்கிறேன், என்றேன்.
பில் அனுப்பும்வரை இல்லையென்று சொல்லாதது
எங்கள் தொழில் தர்மம்.

எழுதி அடித்தது: வெயில் தைத்த கதகதப்பு.
(எங்கள் வெயில் எதையும் தைத்ததில்லை.
சாயத்தை உரிக்கும், அவ்வளவே.)
எழுதி அடித்தது: பூமத்திய ரேகையிலிருந்து ஓர் அணைப்பு.
அணைப்புக்குச் சுங்கவரி எத்தனை சதவீதம்,
கேட்டாள் சர்வேஸ்வரி.

படத்துக்குப் பனி வேண்டும்.
ஆ லியோங்கின் கோழிக் கிடங்கில்
மைனஸ் பதினெட்டு, மணிக்கு எண்பது வெள்ளி.
கோழிகள் படத்தில் விழக்கூடாது, இது எங்கள் நிபந்தனை.
கடைப் பெயர் விழ வேண்டும், இது அவருடையது.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் துர்காஷினி
அங்கியைப் போட்டு நின்றாள்.
வாயிலிருந்து வெள்ளையாய் ஏதோ கிளம்ப
ஓரடி பின்வாங்கினாள்.
இருபத்து மூன்று வயதில்
தன் மூச்சை முதல்முறை பார்க்கிறாள்.
அதுதான், அந்த முகம்தான், அசையாதே, என்று கத்தினேன்.
குளிரில் காமிரா பேட்டரி செத்திருந்தது.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த தில்பகதூர்
அருகில் வந்து மலாயில் கேட்டான்,
நான் போட்டுப் பார்க்கலாமா.
போட்டான். கழுத்துவரை பொத்தானிட்டான்.
கையுறையோடு கையைப் பைக்குள் விட்டான்.
விடப் பார்த்தான்.
சந்தின் அகலம் தெரியாமல் நுழைந்த லாரி போல
கை பாதியில் நின்றது.
முஸ்தாங்கில் கையுறையைக் கழற்றினால்
விரல் சாவியைப் பிடிக்காது, என்றான்.
சிரிக்கவில்லை. கேலி இல்லை.
அங்கியை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

பிறர் வரைந்த அளவில் தைத்தவரை
பைகள் சரியாகவே இருந்தன.
இது அவள் தானே வரைந்த முதல் பை.
தன் கையை வைத்து அளந்திருந்தாள்,
வெறுங்கையை.

அறுநூறு அங்கி. ஆயிரத்து இருநூறு பை.
நள்ளிரவில் தையல்கூடம் நெடுக
வாய் பிளந்து கிடக்கின்றன.
தில்பகதூரின் கையுறையை இரவல் வாங்கிவந்து
துணிமேல் வைத்துச் சுற்றிலும்
சுண்ணக்கோடு இழுக்கிறாள் சர்வேஸ்வரி.
கூடம் முழுக்கக் கோழி வாடை.

ஏஜென்சிக்கு எழுதுகிறேன்:
தோட்டம் கிடைக்கவில்லை. முகம் தவறிவிட்டது.
பைக்குள் முழுசாய்ப் போய்விட்ட கையுறை ஒன்று,
அந்தப் படம் நாளை வரும்.
கீழே வரி எதுவும் போடவில்லை.

உடனே பதில்:
கையுறை பிரமாதம். அதுவும் உங்கள் தயாரிப்பா?

என்னவாம், என்கிறாள், தலை நிமிராமல்.
பார்க்கிறேன், என்று தட்டுகிறேன்.