ஏழு கிலோ

பாடாங் செராயில்
பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
மின்சாமான் கடை. கல்லாவில் நான்.
இரண்டு விதமாகப் பணம் வரும் இங்கே:
ஒன்றுக்கு வாடை உண்டு,
இன்னொன்றுக்கு ஓசை மட்டும்.

வாடை என்றால் தைல வாடை, மீன் வாடை,
மடித்து மடித்து அரிசிப் பெட்டியில் கிடந்த வாடை.
ஓசை என்றால் 'டிங்'.
கைப்பேசியை நீட்டினால் போதும்.
குலிம் கையுறைத் தொழிற்சாலைப் பெண்கள்
பஸ் வருவதற்குள்
ஒரு காற்றாடியைச் சொந்தமாக்கிக்கொள்வார்கள்,
சொந்தம் என்ற சொல்லுக்கு மட்டும்
இன்னும் ஐந்து மாதம் பாக்கி வைத்து.

குறை சொல்லவில்லை.
என் வீட்டில் சுற்றுவதும் அப்படி வந்ததுதான்:
ஏழு கிலோ துவைக்கும் மெஷின்,
பன்னிரண்டு தவணை, எண்பத்தைந்து வெள்ளி.
வந்த இரவு
பிள்ளைகள் இரண்டும் அதன் முன் சப்பணமிட்டு
தங்கள் பள்ளிச் சட்டை சுழல்வதைப் பார்த்தார்கள்,
சோறு ஆறிப்போகும்வரை.

தவணை ஐந்தாம் தேதி.
சம்பளம் ஏழாம் தேதி.
இடையிலிருக்கும் அந்த இரண்டு நாளுக்கு
மாதாமாதம் பத்து வெள்ளி வாடகை கட்டுகிறேன்.
தாமதக் கட்டணம் என்று அதற்குப் பெயர்.

விமலாதேவிக்கு இந்த 'டிங்' ஆகாது.
செம்பனைக் காட்டில் மருந்தடிக்கிறவள்.
செங்கமலம் அக்கா பிடிக்கும் கூட்டில்
பத்துப் பேர், ஆளுக்கு நூறு;
கடைசி எண்ணை அவளே கேட்டு வாங்கினாள்.
முதல் எண் என்னுடையது.
ஆயிரத்தையும் தை மாதமே எடுத்துப்
பழைய பாக்கிகளை அடைத்தேன்.
கூட்டு ஒன்றுதான்.
எனக்கு அது கடன், அவளுக்குச் சேமிப்பு.
ஒன்பது மாதமாக
என் கடனைத்தான் அவள்
சேமித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்து வைத்ததும் அதே ஏழு கிலோ.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
டவுனுக்கு வரும்போதெல்லாம்
கண்ணாடிக்கு வெளியே மோட்டாரை நிறுத்தி
விலைச்சீட்டை ஒருமுறை படித்துவிட்டுப் போவாள்.
பிறகு வீட்டில், வாளியில்,
மருந்துச் சட்டைகளைத் தனியாகக் கசக்குவாள்.
பத்து மாதம் கசக்கியதற்கு
யார் வட்டி கொடுப்பது?
அந்தக் கணக்கு எங்கள் கடையில் இல்லை.

கடைசி மாதக் கூட்டுக்காசை
முப்பதாம் தேதி கொடுத்திருக்க வேண்டும்.
நூறு வெள்ளி கையில் இருந்தது.
ஒரு மாதமாவது அபராதம் இல்லாமல் கட்டலாமென்று
அதை ஐந்தாம் தேதிக்கு ஒதுக்கி வைத்தேன்.
அக்காவிடம் எட்டாம் தேதிதான் போனேன்.
"அதனால என்னம்மா" என்றார் அக்கா.

மூன்றாம் தேதி முதலாளி புது விலை சொல்லியிருந்தார்.
ஸ்டூலில் ஏறி ஒட்டியவள் நான்:
ஆயிரத்து நாற்பத்தொன்பது.

ஒன்பதாம் தேதி வந்தாள்,
ரப்பர் வளையத்தில் ஆயிரம் வெள்ளி.
சீட்டைப் படித்தாள்.
உள்ளே வந்து கிட்டத்தில் நின்று மறுபடி படித்தாள்.
"மீதிய தவணையில போட்டுறவா?"
பழக்க தோஷம், வாய் கேட்டுவிட்டது.
"நாப்பத்தொம்பது வெள்ளிதானே.
அடுத்த மாசம் வாரேன்."
வளையத்தைத் திரும்பப் போடும் கையில்
விரலிடுக்கெல்லாம் சோப்பு தின்ற வெள்ளை.

"அதுவரைக்கும் துணிய எங்க வீட்டுக்குக் கொண்டாயேன்."
"மருந்துச் சட்டை.
உன் புள்ளைங்க துணியோட சேரக்கூடாது."

முப்பதாம் தேதியைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.
நான் மிச்சம் பிடித்தது பத்து.
அவளுக்குப் போனது நாற்பத்தொன்பது,
கூடவே ஒரு மாத வாளி.

இரவு ஷட்டரை இறக்குமுன் கல்லா எண்ணினேன்.
ஒரு காசு பிசகவில்லை.